மாற்றும் உரைகல்லும்: மாற்று எஞ்சின்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

'மாற்று' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்றுக்குப் பதிலாக வருவது மாற்று. தங்கத்தின் தரத்தைச் சொல்வதும் மாற்றுதான். பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோம். நகையை உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்க்கிறார் ஆசாரி. பதிலியையும் தரத்தையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பதிலாக வந்த பொருளை உரசிப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்கிற எச்சரிக்கையாகவும் அதை வாசிக்கலாம். மாற்று சினிமா, மாற்று அரங்கு, மாற்றுப் பண்பாடு என்று நம் சிறுபத்திரிகைகள் நிறையவே பேசியிருக்கின்றன. இந்தக் கட்டுரை மாற்று எஞ்சினைப் பற்றியது.

எஞ்சின் என் விஷயம் ஆனதற்கு அப்பாதான் காரணம். பாளையங்கோட்டையில் அவர் ஒரு அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டினார். நான் பள்ளியில் படித்த காலத்தில் வண்டிக்கு 'எஞ்சின் வேலை' வந்தது. ஆயில் குடித்தது, புகை தள்ளியது. இறக்கி வேலை பார்த்தால் பதினைந்து நாள் சவாரி போகும். அதனால் ஏற்கெனவே கட்டி, பெயிண்ட் அடித்து, வரிசையாக நிறுத்தி வைத்து விற்கிற இடம் ஒன்றில் பழைய எஞ்சினைக் கொடுத்து, மேலே பணமும் கொடுத்து, வேறொன்றை மாற்றிக்கொண்டு வந்தார். நாலு மாதத்தில் அதுவும் புகை தள்ளியது. பட்டறைக்கார அண்ணாச்சி ஹெட்டைக் கழற்றி மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார். மூன்று சிலிண்டர் இருபது சைஸ். நாலாவது நாற்பது சைஸ். ஒரே எஞ்சினுக்குள் இரண்டு அளவு பிஸ்டன்கள். "பெயிண்ட்டப் பாத்து வாங்கிட்டீரு வே. அளந்து பாத்தீரா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் கேள்வியும். ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கப்படுகிற ஒரு மாற்று எஞ்சின் நல்லதா கெட்டதா என்று சொல்லும் அதிகாரம் யாருடையது? செய்தவனுடையதா, அதன் மேல் ஒட்டியிருக்கிற பெயருடையதா, அளந்து பார்க்கிறவனுடையதா? இதற்கு ஒரு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

2

நம்மிடம் ஒரு மனப்பழக்கம் உண்டு. கையால் செய்தது உயர்ந்தது, எந்திரம் வரிசையாகத் தள்ளியது மட்டம். பெஞ்சமின் 1930களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து 'ஒளிவட்டம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, பிரதியெடுப்பின் சாத்தியங்களைப் பற்றி அவர் சொன்னதை வசதியாக மறந்துவிடுகிறோம். மோட்டார் வாகன வரலாறு இந்தப் பழக்கத்துக்கு ஒத்துழைப்பதில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கார் என்பது பிட்டர்களின் படைப்பு. வார்ப்படமும் கடைசலும் தோராயமான அளவில் வரும். அவற்றை அரத்தால் தேய்த்து ஒன்றோடு ஒன்று பொருந்த வைப்பது கைத்திறன். இதன் விளைவு என்னவென்றால், இந்தக் காரின் பிஸ்டன் அந்தக் காருக்குச் சேராது. எஞ்சின் பழுதானால் இன்னொரு கைவினைஞன் உட்கார்ந்து தேய்க்க வேண்டும். கைவினையின் உலகில் மாற்று எஞ்சின் என்ற கருத்தே கிடையாது. அங்கே ஒவ்வொன்றும் மூலம், எதற்கும் பதிலி இல்லை.

1908ல் லண்டனுக்கு அருகில் புரூக்லாண்ட்ஸ் ஓடுபாதையில் ஒரு சோதனை நடந்தது. நடத்தியது ராயல் ஆட்டோமொபைல் கிளப். கேடிலாக் நிறுவனத்தின் ஒற்றை சிலிண்டர் கார்கள் மூன்றைத் துண்டு துண்டாகக் கழற்றினார்கள். காருக்கு 721 பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, விற்பனையாளரின் கையிருப்பிலிருந்த உதிரிபாகங்களைப் போட்டார்கள். ஸ்பேனரையும் ஸ்குரூ டிரைவரையும் மட்டும் வைத்து மூன்று காரையும் திரும்பப் பூட்டினார்கள். அரம் கிடையாது. ஒரு காரின் மேல் பல காரின் நிறம். மூன்றும் கிளம்பி 500 மைல் ஓடின. அந்தச் சோதனைக்காக கேடிலாக்குக்கு டூவர் கோப்பை கிடைத்தது.

அந்த நிறுவனத்தின் ஹென்றி லேலண்ட் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் அளவுக் கருவிகள் செய்யும் பட்டறையிலும் பழகி வந்தவர். துப்பாக்கியிலிருந்து காருக்கு அவர் கொண்டுவந்தது எந்திரத்தை மட்டுமல்ல, அளவு பற்றிய ஒரு தத்துவத்தையும்தான். எந்தப் பாகமும் துல்லியமாக இருக்க முடியாது, எவ்வளவு தப்பலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம் என்பதே அது. டாலரன்ஸ் என்கிறார்கள். பொறுத்துக்கொள்ளப்படும் பிழை. ஸ்வீடனின் ஜொஹான்சன் செய்த அளவுக் கட்டைகள் இந்தப் பிழையை உலகம் முழுவதும் ஒரே மாதிரி அளக்க வழி செய்தன. 1923ல் அவர் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்தார். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் டி மாடல் கார்களை அந்த நிறுவனம் செய்து தள்ளியதற்குப் பின்னால் ஓடும் பட்டையும் இருக்கிறது, இந்த அளவுக் கட்டைகளும் இருக்கின்றன. வரலாறுகளில் பட்டை மட்டும் பேர் வாங்கிவிட்டது.

ஆக, தரம் என்பது இங்கே 'பூரணம்' என்பதிலிருந்து 'ஒப்புக்கொண்ட பிழை' என்பதாக மாறுகிறது. இது சாதாரண மாற்றமில்லை. பூரணத்தைத் தீர்ப்பு சொல்ல ஒரு மேதை வேண்டும். ஒப்புக்கொண்ட பிழையை, அளவுகோல் வைத்திருக்கிற யாரும் சரிபார்க்கலாம். அந்த வகையில் இது ஜனநாயகமானதும்கூட.

3

ஆனால் புதிய எஞ்சினுக்குச் சரியாக இருப்பது தேய்ந்த எஞ்சினுக்குச் சரியாக இருப்பதில்லை. புது எஞ்சின்கள் எல்லாம் ஒரே மாதிரிப் பிறக்கின்றன. தேயும்போது ஒவ்வொன்றும் தன் போக்கில் தேய்கிறது. சிலிண்டர் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேயும். பிஸ்டன் சாய்ந்து அழுத்துகிற பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்ந்து, வட்டம் முட்டையாகும். தூசி ரோட்டில் ஓடியது ஒரு மாதிரி, ஆயில் மாற்றாத முதலாளியிடம் ஓடியது இன்னொரு மாதிரி. தேய்மானத்தில்தான் எஞ்சினுக்குச் சுயசரிதை உண்டாகிறது எனலாம்.

இப்படித் தனித்தனியாகத் தேய்ந்தவற்றைத் திரும்பவும் வரிசை உற்பத்திக்குள் கொண்டுவருவது எப்படி? இந்தக் கேள்வியைக் கூர்மைப்படுத்தியது போரும் பற்றாக்குறையும். அமெரிக்காவில் 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. 1945ல்தான் மறுபடி தொடங்கியது. இடையில் இருந்த காரையே ஓட்டியாக வேண்டும். எஞ்சின் புதுப்பிக்கும் தொழில் அங்கே வளர்ந்த காலம் இது. போரில் தோற்ற ஜெர்மனியில் இரும்பும் இல்லை, பணமும் இல்லை. வோல்க்ஸ்வாகன் 1947ல் உல்ஃப்ஸ்பர்கில் பழைய எஞ்சினை வாங்கிக்கொண்டு புதுப்பித்த எஞ்சினைத் தரும் முறையைத் தொடங்கியது. 1958ல் காஸலில் அமைத்த ஆலையில் அது பெருந்தொழிலாயிற்று. பிரிட்டனில் பி.எம்.சி. நிறுவனம் 'கோல்டு சீல்' என்ற முத்திரையோடு மாற்று எஞ்சின்களை விற்றது. தங்கத்தின் பெயர் இங்கேயும் வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

நடைமுறை இப்படி. வந்து சேர்கிற பழைய எஞ்சினுக்கு 'கோர்' என்று பெயர். அதைத் திருப்பித் தராவிட்டால் விலை கூடும். கோர்களை மொத்தமாகக் கழற்றுவார்கள், கொதிக்கிற காரக் கரைசலில் கழுவுவார்கள், விரிசல் பார்ப்பார்கள். காந்தமேற்றி இரும்புத் தூள் தூவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலில் தூள் கோடாகப் படியும். சிலிண்டரை 20, 30, 40 என்று அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் பெரிதாக்கிக் குடைவார்கள். கிராங்கை 10, 20, 30 என்று சிறிதாக அரைப்பார்கள். அதற்கேற்ற பிஸ்டன், பேரிங்குகளைப் போட்டு, எந்த அளவு என்று முத்திரை குத்துவார்கள். நீங்கள் கொடுத்த எஞ்சின் உங்களுக்குத் திரும்ப வராது. ஒன்றின் பிளாக், இன்னொன்றின் கிராங்க், மூன்றாவதின் ஹெட். புரூக்லாண்ட்ஸ் குவியல் இங்கே அன்றாடமாகிவிட்டது.

தமிழ் படித்தவனுக்கு இது பழகிய வேலைதான். ஒரு சுவடியில் ஏடு செல்லரித்திருக்கும், இன்னொன்றில் அடி விட்டுப்போயிருக்கும். பதிப்பாசிரியர் பலவற்றை ஒப்பிட்டு ஒரு பாடத்தை நிறுவுவார். அப்படி நிறுவப்பட்ட நூல் எந்தச் சுவடியும் இல்லை, ஆனாலும் அதுதான் நூல். நல்ல பதிப்பாசிரியரை எப்படி அறிகிறோம்? அடிக்குறிப்பில் பாடபேதம் தருகிறாரா என்று பார்க்கிறோம். கிராங்கின் மேல் குத்துகிற '10' என்ற முத்திரை அப்படிப்பட்ட ஒரு அடிக்குறிப்பு. 'இது மூலத்திலிருந்து இவ்வளவு விலகியிருக்கிறது' என்கிற ஒப்புதல். அப்பாவுக்கு விற்கப்பட்ட எஞ்சினின் குற்றம் அது நாலு எஞ்சினிலிருந்து கூட்டப்பட்டது என்பதல்ல. பாடபேதத்தை மறைத்துப் பெயிண்ட் அடித்ததுதான்.

சட்டமும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1979ல் தந்த வழிகாட்டு விதிகளில், ஒரு பாகத்தைக் கழற்றி, சுத்தம் செய்து, தேய்ந்ததைச் சரிசெய்தோ மாற்றியோ, தேவையான கடைசல் வேலை பார்த்துத் திரும்பப் பூட்டியிருந்தாலொழிய 'ரீபில்ட்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றது. எஞ்சினைக் கட்டுப்படுத்த வந்த விதி, ஒரு சொல்லுக்குப் பொருள் வரையறை செய்யவேண்டியதாயிற்று.

4

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு எவ்வளவு தற்செயலானது என்று சசூரைப் படித்துத் தெரிந்துகொண்டோம். சிகாகோ பகுதியின் ஓல்ட்ஸ்மொபைல் உரிமையாளர் ஒருவர் 1977ல் அதை ஒரு உதிரிபாகத்தின் மூலம் தெரிந்துகொண்டார்.

அவர் வாங்கியது டெல்டா 88. ஓல்ட்ஸ்மொபைல் என்றால் 'ராக்கெட்' எஞ்சின். 1949லிருந்து அந்தப் பெயர் விளம்பரத்தில் ஊறிப்போனது. பராமரிப்புக்கு விட்டபோது ஓல்ட்ஸ்மொபைல் பாகங்கள் பொருந்தவில்லை. பார்த்தால் உள்ளே இருந்தது ஷெவர்லே எஞ்சின். இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸின் பிள்ளைகள்தான். ஒன்று கொஞ்சம் வசதியான வீட்டுக்கு, மற்றது எல்லோருக்கும் என்று நிறுவனமே படிநிலை வகுத்து வைத்திருந்தது. ஓல்ட்ஸ்மொபைல் நன்றாக விற்றது. எஞ்சின் போதவில்லை. ஷெவர்லேயை எடுத்துப் போட்டார்கள். இரண்டும் 350 கன அங்குலக் கொள்ளளவு, இரண்டுக்கும் அந்த வருடம் ஏறத்தாழ ஒரே குதிரைத்திறன். இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்தார். பிற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. அந்த வருடமே நிறுவனம் உரிமையாளர்களுக்கு 200 டாலரும் நீட்டித்த உத்தரவாதமும் தர முன்வந்தது. அப்போதும் வழக்கு முடியவில்லை. 1979ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அதன்பிறகு எஞ்சின்கள் பல பிரிவுகளில் தயாரானவை என்ற ஒரு வாக்கியம் நிறுவன விளம்பரங்களின் அடியில் இடம்பிடித்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஷெவர்லே எஞ்சின் மட்டமானதா? இல்லை. 1955ல் பிறந்த அந்தச் சிறிய வி-8 குடும்பம், பின்னால் வந்த தலைமுறைகளையும் சேர்த்து, 2011ல் 10 கோடியைத் தொட்டது. எங்கும் உதிரிபாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் அறிவான். பொருளாக எடுத்துக்கொண்டால் வாங்கியவருக்கு நஷ்டமில்லை என்றே வாதிடலாம். அப்படியானால் ஏமாற்று எங்கே இருக்கிறது? பெயரில். பல வருடங்களாக 'பெயரைப் பார், அதுதான் தரம்' என்று மக்களுக்குப் பாடம் நடத்திவிட்டு, மாட்டிக்கொண்டதும் 'பெயரில் என்ன இருக்கிறது, இரண்டும் ஒன்றுதானே' என்றால் எப்படி? வாடிக்கையாளனிடமிருந்து அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டு அதற்குப் பதிலாகக் கையில் கொடுத்தது அந்தப் பெயரைத்தான். பெயரும் காலி என்றால் அவனிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

அறிவுஜீவிகளும் பெயரிலும் தோற்றத்திலும் மயங்கியவர்கள்தான். பார்த் 1957ல் வெளியான 'மித்தாலஜீஸ்' நூலில் புதிய சிட்ரோயன் டி.எஸ். காரைப் பற்றி எழுதினார். அவர் பார்வை நிற்பது உடலின் வழுவழுப்பில், கண்ணாடியில், தகடுகள் கூடும் இடங்களில். வானத்திலிருந்து இறங்கி வந்ததுபோலத் தோன்றிய அந்தக் காரின் எஞ்சின், 1934ல் வந்த பழைய சிட்ரோயனின் எஞ்சினைத் திருத்தியது. தொன்மத்தை உடைக்க வந்தவரும் பானெட்டைத் திறக்கவில்லை. கட்டுடைத்தல் பற்றி நிறையப் பேசுகிற நாமும் பல சமயம் பானெட்டுக்கு வெளியேதான் நிற்கிறோம்.

5

சரி, திறந்தாயிற்று. எதைப் பார்ப்பது?

ஜெனரல் மோட்டார்ஸே 350 கன அங்குல எஞ்சினைப் புத்தம் புதிதாகச் செய்து, பெட்டியில் கட்டி, 'குட்ரெஞ்ச்' என்ற பெயரில் பல ஆண்டுகள் மாற்று எஞ்சினாக விற்றது. மெக்சிகோவில் டொலூகாவில் உருவானது. அமெரிக்க வேகப் பிரியர்களுக்கு அதன்மேல் ஏளனம். அமுக்க விகிதம் குறைவு, பிஸ்டன் வார்ப்பு, ஹெட்டில் காற்றோட்டம் போதாது, போதாக்குறைக்கு மெக்சிகோ. கடைசிக் குறையில் எஞ்சின் எங்குமே இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவையும் குறைகளா என்று யோசிக்க வேண்டும். இந்த எஞ்சின் எந்த வண்டியில் போய் உட்காரும் என்று செய்கிறவனுக்குத் தெரியாது. பழைய வேன், பால் வண்டி, பிக்கப், எதுவாகவும் இருக்கலாம். மலிவான பெட்ரோலில், சரியாக டியூன் செய்யாத கார்புரேட்டரோடு, உத்தரவாதக் காலம் முழுவதும் உடையாமல் ஓட வேண்டும். அதற்குக் குறைந்த அமுக்கம் பலவீனமல்ல, தீர்மானம். தரம் எதற்காக என்ற கேள்வியில்லாமல் தரம் இல்லை.

ஆனால் இங்கே நின்றுவிட்டால் நிறுவனத்தின் வக்கீலாகிவிடுவேன். 'வரம்புக்குள் இருக்கிறது, அதனால் நல்லது' என்ற வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. பிஸ்டன் அனுமதித்த அளவின் சிறிய எல்லையில், சிலிண்டர் பெரிய எல்லையில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பாஸ். சேர்த்தால் லொடலொட. அதனால்தான் பல தொழிற்சாலைகளில் சிலிண்டர்களை அளந்து எழுத்துக் குறியிட்டு, அதற்குத் தோதான பிஸ்டனைத் தேடிப் போட்டார்கள். முழுப் பரிமாற்றம் என்று விளம்பரப்படுத்திய இடத்துக்குள்ளேயே பழைய பிட்டர் ஒளிந்து உட்கார்ந்திருந்தார், அரத்துக்குப் பதில் அளவுகோலோடு. பந்தயக்காரர்கள் 'புளூபிரிண்ட்' செய்வது என்பதும் இதுதான். அதே எஞ்சினைக் கழற்றி, ஒவ்வொரு அளவையும் வரம்பின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவருவது.

1980களின் தொடக்கத்தில் ஃபோர்டு இதைத் தன் செலவில் கற்றுக்கொண்டது. ஒரே வரைபடத்தைக் கொண்டு அமெரிக்காவில் தன் ஆலையிலும் ஜப்பானில் மாஸ்டாவிலும் தானியங்கி கியர்பாக்ஸ் தயாரானது. ஜப்பானியப் பெட்டிக்கு உத்தரவாதச் செலவு மிகக் குறைவு. கழற்றி அளந்தார்கள். ஃபோர்டின் பாகங்கள் எல்லாம் வரம்புக்குள்தான் இருந்தன, ஆனால் வரம்பு முழுவதும் பரவிக் கிடந்தன. மாஸ்டாவின் பாகங்கள் நடுவில் கூடி நின்றன. இலக்கிலிருந்து விலகும் ஒவ்வொரு துளிக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்று தாகுச்சி சொன்னது இதைத்தான். பாஸ், ஃபெயில் என்று இரண்டாகப் பிரிக்கிற தரம் வேறு, எவ்வளவு விலகல் என்று கேட்கிற தரம் வேறு. முதலாவது விற்கிறவனுக்குப் போதும். ஓட்டுகிறவனுக்கு இரண்டாவது வேண்டும்.

6

இதையெல்லாம் ஒரு விமர்சகன் ஏன் எழுத வேண்டும்? வெகுஜன உற்பத்தி என்ற சொல்லைக் கேட்டாலே நாம் தீர்ப்பை எழுதிவிடுகிறோம். ஆயிரம் பிரதி விற்றால் சந்தேகம், முந்நூறு விற்றால் இலக்கியம். எண்ணிக்கையே தரத்தின் எதிரி என்று ஒரு கற்பிதம். அதே மூச்சில், இன்ன பத்திரிகையில் வந்தது, இன்னாருடைய முன்னுரை இருக்கிறது என்று பெயரை வைத்து மாற்றுப் பார்க்கிறோம். இது ராக்கெட் எஞ்சின் வாங்கியவரின் நிலைதான். எஞ்சின் வரலாறு எனக்குச் சொல்வது, பெருக்கம் தரத்தைக் கொல்வதில்லை, தனிமை அதைக் காப்பதும் இல்லை என்பதுதான். மூலத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது எழுதப்பட்டிருக்கிறதா, வேறொருவர் அதைத் திரும்ப அளக்க முடியுமா? இந்த இரண்டும் இருந்தால் பதிலிக்கும் மாற்று உண்டு. இல்லாவிட்டால் மூலமே ஆனாலும் அது வெறும் பெயிண்ட்.

அம்பாசிடர் இதற்கு நல்ல உதாரணம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உடல், 1959லிருந்து பி.எம்.சி.யின் 1489 சி.சி. எஞ்சின். பிரிட்டனில் கோல்டு சீல் முத்திரையோடு மாற்றிக் கொடுக்கப்பட்ட அதே குடும்பம். இங்கே நீண்ட காலம் வேறு கார் எளிதில் கிடைக்காததால், அதே பிளாக்கைத் திரும்பத் திரும்பக் குடைந்து, இனிக் குடைய இடமில்லை என்றால் ஸ்லீவ் இறக்கி, மறுபடி ஸ்டாண்டர்ட் சைஸிலிருந்து ஆரம்பித்தார்கள். 2014ல் கார் உற்பத்தி நின்றது. அந்த அறிவு பட்டறைகளில் இன்னும் இருக்கிறது, எழுதப்படாமல்.

எங்கள் அண்ணாச்சி எழுதினார். நாலு சிலிண்டரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, கிராங்கை அரைத்து, ஒவ்வொரு அளவையும் ஒரு அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் குறித்து, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் கொடுத்தார். அது ஆர்.சி. புத்தகத்தோடு டாஷ்போர்டில் கிடந்தது. சில வருடம் கழித்து வண்டியை விற்றபோது அப்பா முதலில் நீட்டியது அந்த அட்டையைத்தான். வாங்க வந்தவரோடு வந்த மெக்கானிக் வாங்கிப் படித்தார். அப்புறம், "ஒண்ணே ஒண்ணு மட்டும் அளந்து பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க" என்றார். ஹெட்டைக் கழற்ற அரைநாள் ஆகும். அப்பா ஸ்பேனர் பையை எடுத்துக் கொடுத்தார்.